ராத்திரி தூங்காத நாய்க்குட்டி: எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

புதிதாகக் குட்டி வந்த வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் காலையில்தான். "ராத்திரி முழுக்க அழுதுச்சு" என்பார்கள். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதால் மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? நீங்கள் பக்கத்தில் போனதும் நின்றதா? நேற்று பகலில் எவ்வளவு நேரம் தூங்கியது? முதல் இரண்டுக்கும் பதில் உடனே வரும். மூன்றாவதை அநேகமாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பல வீடுகளில் கோளாறு அங்கேதான் இருக்கும்.

அதனால் முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டி படுத்த நேரம், எழுந்த நேரம், நீங்கள் செய்தது, அடங்கிய நேரம், இவ்வளவு போதும். இரண்டு ராத்திரி குறித்தாலே கீழே எந்தத் தலைப்பு உங்களுக்கானது என்று தெரிந்துவிடும். பகல் தூக்கத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

இது எட்டு வாரத்திலிருந்து ஆறு மாதம்வரை உள்ள குட்டிகளுக்கு. எட்டு வாரம்கூட ஆகவில்லை என்றால் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். உணவு, சூடு எல்லாமே அதற்கு வேறு கணக்கு. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

## விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் தூக்கப் பிரச்சினை என்று நினைத்து நேரத்தைக் கடத்த வேண்டாம். இரவு நேர மருத்துவமனை எது என்று தேடுங்கள்.

- வாந்தியும் பேதியும் சேர்ந்து வருகிறது, பேதியில் ரத்தம் இருக்கிறது, குட்டி துவண்டு கிடக்கிறது. தடுப்பூசி முழுதாக முடியாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். சில மணி நேரத் தாமதமே உயிருக்கு ஆபத்து.
- ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். (சில குட்டிகளுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையின் உட்பக்கத்து நிறத்தைப் பாருங்கள்.)
- வயிறு உப்பி விறைத்திருக்கிறது, வாந்தி எடுக்க முயல்கிறது, எதுவும் வரவில்லை.
- மூச்சுக்குத் திணறுகிறது. கழுத்தை நீட்டி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருக்கிறது.
- வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டுகிறது, அல்லது விட்டு விட்டு மறுபடி வருகிறது.
- ஒன்றுக்குப் போக முக்குகிறது, சொட்டுகூட வரவில்லை.
- தள்ளாடுகிறது, எழுப்பினாலும் சரியாக எழவில்லை. மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி இப்படி ஆகும். ஈறில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவிவிட்டு உடனே கிளம்புங்கள். மயக்கத்தில் இருக்கும் குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் நிதானமாகப் பார்க்கலாம்.

## படுக்க வைத்தவுடனே அழுகிறது

### பக்கத்தில் போனால் நிற்கிறது, நகர்ந்தால் மறுபடி ஆரம்பிக்கிறது

தனிமைதான். நேற்றுவரை தாய், உடன்பிறந்த குட்டிகள் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கியவை. இன்றைக்குத் தனி அறை, இருட்டு, தெரியாத வாசனை. அழாமல் என்ன செய்யும்?

இதற்கு வைத்தியம் செலவில்லாதது. படுக்கையையோ கூண்டையோ உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் வையுங்கள். சிணுங்கினால் கையைத் தொங்கவிட்டால் போதும். தூக்க வேண்டாம், பேச வேண்டாம். தொடர்ந்து சில ராத்திரி அழாமல் தூங்கியபிறகு படுக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடுத்து அறைக் கதவருகே. அப்புறம் நீங்கள் நிரந்தரமாக வைக்க நினைத்த இடம். தள்ளி வைத்த அன்று அழுதால் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி பின்னால் வாருங்கள்.

"அழ விட்டால் தானே பழகிவிடும், பக்கத்தில் போனால் கெட்டுப்போகும்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பார். முதல் வாரத்தில் அதைக் கேட்காதீர்கள். கத்திக் கத்தி ஓய்ந்துபோகும் குட்டி பழகிவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த நாள் கூண்டைக் கண்டாலே பின்வாங்கும். அப்போது உங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு வேலை.

குட்டியை வாங்கிய இடத்திலிருந்து தாய் படுத்த துணி ஒன்று கிடைத்தால் கொண்டுவந்து படுக்கையில் போடுங்கள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி ஓர் ஓரமாக வைக்கலாம். சூடு பிடிக்காவிட்டால் விலகிப் படுக்க இடம் இருக்க வேண்டும். மின்சார ஒயர் உள்ள எதையும் உள்ளே வைக்காதீர்கள், கடிக்கும். மன அமைதிக்கென்றே விற்கும் விலை உயர்ந்த படுக்கைகளை இப்போது வாங்க வேண்டாம். பாதியைப் பிய்த்துத் தின்றுவிட்டு வேறொரு காரணத்துக்காக டாக்டரிடம் போவீர்கள்.

### பக்கத்தில் போனாலும் நிற்கவில்லை

வரிசையாகப் பாருங்கள். கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது? வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள், போனால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் பசி. மூன்று மாதம்கூட ஆகாத குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை உணவு வேண்டும். கடைசி வேளைச் சாப்பாடு படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன்னால் இருந்தால் வயிறும் காலியாக இருக்காது, நடுராத்திரியில் இரண்டுக்கும் போகாது. அடுத்தது வெப்பம். சுருண்டு நடுங்கினால் குளிர். படுக்கையை விட்டுவிட்டு வெறுந்தரையில் கால் பரப்பிக் கிடந்தால் படுக்கைதான் சூடு.

எல்லாம் சரி, கூண்டுக்குள் விட்டால் மட்டும் அழுகிறது என்றால் கூண்டுதான் பயம். பகலில் கதவைத் திறந்து வைத்து, சாப்பாட்டுத் தட்டை உள்ளே வையுங்கள். தானாகப் போய் வரட்டும். பிறகு சாப்பிடும் நேரம் மட்டும் கதவைச் சாத்துங்கள், பிறகு சாப்பிட்டு முடித்த ஒரு நிமிடம், அப்புறம் ஐந்து நிமிடம். பகலில் கதவு சாத்தி நிம்மதியாகக் கிடக்காத குட்டியை ராத்திரி உள்ளே வைத்துப் பூட்டுவதில் பயனில்லை. அதுவரை கட்டிலுக்குப் பக்கத்தில் உயரமான பெட்டியோ சுற்றுத் தடுப்போ போதும். கூண்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்: கம்பியைக் கடித்து வாயில் காயம், எச்சில் ஒழுகுதல், நீங்கள் அறையைத் தாண்டினாலே அலறல் என்று இருந்தால் கூண்டுப் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். அடித்துத் திருத்தாத, நல்ல அனுபவமுள்ள பயிற்சியாளரைப் பாருங்கள். முதலில் வலி எதுவும் இல்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொள்வது நல்லது.

## கண் சொருகுகிறது, ஆனால் படுக்காமல் கடித்துத் துள்ளுகிறது

என்னிடம் வரும் புகாரில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சாயங்காலம் ஏழு, எட்டு மணி இருக்கும். குட்டி வீட்டைச் சுற்றி ஓடுகிறது, சோபாவில் மோதுகிறது, நடப்பவர்களின் கால்சட்டை ஓரத்தைக் கவ்வித் தொங்குகிறது, 'வேண்டாம்' என்றால் இன்னும் அழுத்திக் கடிக்கிறது. "இன்னும் எனர்ஜி இருக்கு, ஓடவிட்டா களைச்சுத் தூங்கும்" என்று பந்தை எடுப்பார்கள். அரை மணி நேரத்தில் நிலைமை இரண்டு மடங்காகும்.

அதற்குத் தூக்கம் போதவில்லை. சின்னக் குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு முதல் இருபது மணி நேரம் தூங்க வேண்டும். விழித்திருப்பது ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போல, அதற்குமேல் தாங்காது. தூக்க நேரம் தவறிய கைக்குழந்தை போல, களைப்பு எல்லை தாண்டினால் அடங்குவதற்குப் பதில் வெறி பிடித்த மாதிரி ஆகிவிடும். ராத்திரி தூங்க வேண்டுமே என்று பகலில் தூங்க விடாமல் எழுப்பி எழுப்பி வைப்பவர்கள் நிறைய. பலன் நேர் எதிராகத்தான் வரும். பகலில் தூங்கிய குட்டிதான் ராத்திரியும் தூங்கும்.

சோதனை எளிது. மூன்று நாளுக்கு இப்படி நடத்திப் பாருங்கள்: எழுந்ததும் ஒன்றுக்கு, பிறகு சாப்பாடோ விளையாட்டோ, மறுபடி ஒன்றுக்கு. எழுந்து முக்கால் மணி நேரம் ஆனதும் படுக்கைக்கு. கூடத்தின் நடுவில் படுக்க வைத்தால் யாராவது நடக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கும். அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத மூலை, பாதி இருட்டு, கடிக்க ஒரு பொம்மை. பத்து நிமிடம் முனகும், அப்புறம் விழுந்துவிடும். எழுப்பாதீர்கள். விருந்தாளி வந்திருக்கிறார், குட்டியைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றாலும் எழுப்பாதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதுதான் கஷ்டம். படுக்கையில் இருக்கும் குட்டியைத் தொடக் கூடாது என்று ஒரே விதியாகப் போட்டுவிடுவது நல்லது.

படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இழுபறி விளையாட்டு, துரத்தல் வேண்டாம். அந்த நேரத்துக்கு மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு, மெல்லுவதற்கு ஏதாவது, இரண்டும் பொருத்தம்.

மூன்று நாள் ஒழுங்காகச் செய்தும் துளி மாற்றம் இல்லையா? உணவின் அளவு வயதுக்கும் எடைக்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு கீழே உள்ள அரிப்புப் பகுதிக்குப் போங்கள். பகலிலும் ஒரு இடத்தில் பதினைந்து நிமிடம் சேர்ந்தாற்போல் படுக்காத குட்டியை டாக்டர் பார்க்க வேண்டும்.

## நடுராத்திரியில் எழுந்துவிடுகிறது

### ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பத் தூங்குகிறது

கோளாறே இல்லை. வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். ராத்திரியில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் குட்டிகளும் உண்டு. ஆகவே அது அழுவதற்குச் சற்று முன்னால் உங்கள் அலாரம் அடிக்கட்டும். உங்கள் தாளில் 2.15, 2.30 என்று இருந்தால் அலாரம் 2 மணிக்கு. சில நாள் சரியாகப் போனால் கால் மணி நேரம் தள்ளிப் பாருங்கள். இப்படியே தள்ளித் தள்ளி விடியல்வரை கொண்டுபோய்விடலாம்.

தண்ணீரைப் பகலில் குறைக்கவே கூடாது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்துவிடலாம். வெயில் கொளுத்தும் நாளில் அதுவும் வேண்டாம்.

### ஒன்றுக்குப் போய்விட்டு விளையாடக் கூப்பிடுகிறது

நீங்கள்தான் பழக்கிவிட்டீர்கள். மங்கலான விளக்கு, கயிறு மாட்டி ஒரே இடத்துக்கு அழைத்துப்போய் அசையாமல் நில்லுங்கள். போனால் மெதுவாக ஒரு வார்த்தை பாராட்டு, நேராகப் படுக்கை. ஐந்து நிமிடத்தில் போகாவிட்டாலும் திரும்பிவிடுங்கள்.

### மணிக்கொரு தரம் போகிறது

அளவைப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக, அடிக்கடி, முக்கிக்கொண்டு போகிறது, பிறகு அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, நிறத்தில் சிவப்பு தெரிகிறது என்றால் சிறுநீர்த் தொற்று. பெண் குட்டிகளுக்கு அதிகம் வரும். மருந்து வேண்டும், பயிற்சியால் தீராது. சுத்தமான சின்ன டப்பாவில் காலைச் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு வேலை சுலபம்.

ஒவ்வொரு தடவையும் குளம்போலப் போகிறது, தண்ணீரும் ஏராளமாகக் குடிக்கிறது என்றால் ஒரு முழு நாள் கிண்ணத்தில் ஊற்றும் அளவையும் மிச்சத்தையும் மில்லிலிட்டரில் குறித்து, குட்டியின் எடையோடு டாக்டரிடம் சொல்லுங்கள். "நிறையக் குடிக்குது" என்பதைவிட அந்த எண் அவருக்கு உதவும்.

### தூங்கும்போதே படுக்கை நனைகிறது

குட்டி எழுந்து போகவில்லை, தனக்கே தெரியாமல் கசிகிறது, பின்பக்கம் எப்போதும் ஈரம். திட்டிப் பயனில்லை. பிறவியிலேயே சிறுநீர்க் குழாய் தவறான இடத்தில் இணைந்திருந்தால் இப்படி ஆகும், அதுவும் பெண் குட்டிகளில்தான் அதிகம். ஸ்கேன், சில நேரம் அறுவைச் சிகிச்சைவரை போகும். இந்தப் பட்டியலில் செலவு அதிகம் பிடிப்பது இதுதான். அதற்குமுன் தொற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள்.

### எழுந்து, கூண்டின் ஒரு மூலையில் போய்விட்டு மறுமூலையில் தூங்குகிறது

கூண்டு பெரிது. நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும், மிச்சத்தைத் தடுத்துவிடுங்கள். நனைந்த துணியில் வாசனை தங்கினால் அங்கேயே போகும். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அதன் வாடை சிறுநீர் வாடை மாதிரியே இருக்கும். செல்லப் பிராணிகளுக்கான என்சைம் கலந்த திரவம் வேலை செய்யும்.

## விடிவதற்கு முன்பே எழுந்து குரைக்கிறது

பெரும்பாலும் வெளிச்சம், சத்தம், பசி. தடித்த திரை போடுங்கள். ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பப் படுக்க வையுங்கள். முக்கியமாக, எழுந்தவுடன் சாப்பாடு வைக்காதீர்கள். ஐந்து மணிக்குக் குரைத்தால் தட்டு வரும் என்று கற்றுக்கொண்ட குட்டி அடுத்த வாரம் நாலரைக்கு எழுப்பும். எழுவதற்கும் சாப்பாட்டுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டுங்கள். மிகச் சிறிய இனக் குட்டிகளைப் பட்டினி போட்டு இதைச் செய்ய வேண்டாம். படுக்குமுன் சின்னதாக ஒரு வேளை கொடுங்கள்.

## சொறிந்துகொண்டே இருக்கிறது, இடம் மாறி மாறிப் படுக்கிறது

முதலில் தெள்ளுப்பூச்சி. நெருக்கமான சீப்பால் முதுகின் அடியையும் வால் மூட்டையும் சீவி, உதிர்வதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். கறுப்புத் துகள் ஈரத்தில் பழுப்புச் சிவப்பாகக் கரைந்தால் அது பூச்சியின் எச்சம், குட்டியின் ரத்தம்தான். அடுத்து உண்ணி: காதுக்குள், அக்குளில், கால் விரலிடுக்கில். அடுத்து காது: ஒரு பக்கமாகத் தலையை உதறுகிறதா, நாற்றம் வருகிறதா? அடுத்து குடற்புழு: பின்பக்கத்தைத் தரையில் தேய்ப்பது, ஒல்லியான உடம்பில் வயிறு மட்டும் உருண்டிருப்பது. இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும். குட்டி வந்த இடத்தில் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

பூச்சி, உண்ணி மருந்தை வயதும் எடையும் பார்த்துத்தான் போட வேண்டும். பெரிய நாய்க்கு வாங்கியதில் பாதி போடும் யோசனை வேண்டாம். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தை அதன் அருகே கொண்டுவராதீர்கள், பூனைக்கு அது விஷம்.

எப்போது டாக்டர்: காது ஓரம், முழங்கை, வயிறு என்று முடி கொட்டிச் செதில் தட்டினால், அதோடு குட்டியைத் தூக்குபவர்களுக்கும் கையில் அரிப்பு வந்தால், சொறி உண்ணியாக இருக்கலாம். தோலைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். எண்ணெய், மஞ்சள் என்று தடவிக் காத்திருந்தால் குட்டிக்குத்தான் அவஸ்தை.

## தூக்கத்தில் துடிக்கிறது, முனகுகிறது

கால் இழுக்கிறது, மீசை துடிக்கிறது, சின்னதாகக் குரைக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துப் பார்க்கிறது. இது கனவு, விட்டுவிடுங்கள். கையால் உலுக்கி எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கும்.

உடம்பு விறைக்கிறது, கூப்பிட்டால் விழிக்கவில்லை, எச்சிலோ சிறுநீரோ போகிறது, முடிந்தபின் திக்குத் தெரியாமல் நடக்கிறது என்றால் வலிப்பு. வாயருகே கை வைக்காதீர்கள், சுற்றியுள்ள பொருளை நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒரே ஒரு தடவை வந்து நின்றாலும் அடுத்த நாள் காட்டியே ஆக வேண்டும்.

தட்டை மூக்குக் குட்டிகள் குறட்டை விடும். ஆனால் மூச்சு நின்று நின்று திடுக்கென்று எழுவது, தாடையைப் பொம்மைமேல் தூக்கி வைத்துக்கொண்டே தூங்குவது எல்லாம் காற்றுப் பாதை அடைப்பின் அடையாளம்.

## நன்றாகத் தூங்கிய குட்டி திடீரென்று தூங்கவில்லை

வயது நான்கு மாதத்தை ஒட்டியிருந்தால் வாயைத் திறந்து பாருங்கள். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம். ஈறு சிவந்திருக்கும், பொம்மையில் லேசாக ரத்தம் தெரியும். ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்துக் கடிக்கக் கொடுங்கள், பக்கத்திலேயே இருந்து பாருங்கள். துணி இழை விழுங்கினால் குடலில் சிக்கும். தடுப்பூசி போட்ட அன்று சோர்வும் ஊசி போட்ட இடத்தில் வலியும் இருக்கலாம், ஓரிரு நாளில் சரியாகும். முகம் வீங்கினால் மட்டும் உடனே திரும்பிப் போங்கள்.

வீடு மாறியது, ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், கட்டில் இடம் மாறியது என்றால் முதல் வாரத்து வழிமுறைக்குத் திரும்புங்கள். பக்கத்தில் படுக்கை, கை எட்டும் தூரம்.

எதுவும் மாறவில்லை, ஆனால் படுக்கத் தயங்குகிறது, படுக்கும்போது வீல் என்கிறது, சாப்பாட்டை மோந்துவிட்டு விலகுகிறது என்றால் வலி. குட்டியின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 101 முதல் 102.5. மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதை நம்பாதீர்கள். நமக்கு வாங்கி வைத்த பாரசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ துளிகூடக் கொடுக்காதீர்கள், தூக்க மாத்திரையும்தான்.

கிளம்புமுன் ராத்திரி நடப்பதைப் போனில் ஒரு நிமிடம் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் ஏற்றியதும் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு டாக்டர் கையை நக்கும், ஒரு குறையும் தெரியாது. படத்தையும் நீங்கள் குறித்த தாளையும் முதலில் காட்டுங்கள்.